மனச்சோர்வு மாத்திரை: தொடர்வதா, பவரைக் கூட்டுவதா, மாற்றுவதா, விடுவதா?

ஒருவருக்கு மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது; குமட்டல் தாங்கவில்லை, மனதில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொருவருக்கு ஆறு வாரம் ஓடிவிட்டது. குமட்டல் போய்விட்டது, சோர்வு போகவில்லை. மூன்றாமவருக்கு எட்டு மாதம். ஆள் தெளிந்துவிட்டார், ஆனால் தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. மூவரும் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த மாத்திரை எனக்குச் சரிவருமா? மூவர் முன்னாலும் இருப்பது அதே சில வழிகள்தான். இருப்பதைத் தொடரலாம், பவரைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், இன்னொன்றைச் சேர்க்கலாம், மெல்ல விடலாம். ஆனால் பத்தாம் நாளில் சரியாக இருக்கும் விடை எட்டாம் மாதத்தில் தப்பாகிவிடும். மருந்தின் பெயரைவிட நாள்கணக்குதான் இங்கே அதிகம் பேசுகிறது.

முடிவை எழுதிக்கொடுத்த மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கான விடையோ உங்களிடம்தான் இருக்கிறது. எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எப்போது பவர் மாறியது, எத்தனை நாள் போட மறந்தது, தொந்தரவு எந்த வாரம் தொடங்கியது, கூடவே வேறு என்னென்ன மாத்திரை, டானிக், மூலிகை சாப்பிடுகிறீர்கள். இதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லாத நிலைமைகள்

சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாக வந்தாலோ, முன்பே இருந்தது தீவிரமானாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் கிடைக்கவில்லை என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், தனியாக இருக்கக் கூடாது. இளம் வயதினருக்கு முதல் சில வாரங்களிலும், அளவு மாறும் நாட்களிலும் இந்த ஆபத்து சற்றுக் கூடுதல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறார்களுக்கும், 2007இல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்கும் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது இதனால்தான். வீட்டில் இருப்பவர் ஒருவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

அடுத்தது, இருப்புக்கொள்ளாத் தவிப்பு. பலர் இதை 'பதற்றம் கூடிவிட்டது' என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டு காலியாகும் முன் இரண்டு முறை எழுந்துவிடுவார். நிற்கும்போது உடல் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். படுத்தாலும் கால்களை அசைக்காமல் வைத்திருக்க முடியாது. எழுந்து நடந்தால் மட்டும் கொஞ்சம் நிம்மதி. பதற்றத்துக்கு ஒரு கவலை காரணமாக இருக்கும். இதற்கு எந்தக் கவலையும் வேண்டாம், உடம்பே பிடித்துத் தள்ளும். இதைச் சாதாரணப் பதற்றம் என்று எண்ணிப் பவரைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். தற்கொலை எண்ணத்தோடு தொடர்புள்ள நிலை என்பதால் தள்ளிப்போடக் கூடாத ஒன்று.

தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்குவது, பேச்சு நிற்காமல் ஓடுவது, கையிலிருக்கும் பணத்தைத் தாறுமாறாகச் செலவழிப்பது: இது 'மருந்து நன்றாக வேலை செய்கிறது' அல்ல. அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் வெளிப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது அது இருந்திருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் இப்போது சொல்லுங்கள்.

நடுக்கம், கொட்டும் வியர்வை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தசை துடிப்பது, குழப்பம் ஆகியவை மருந்து மாற்றிய அல்லது கூட்டிய ஒரு நாளுக்குள் சேர்ந்து வந்தால், இந்த மருந்துகள் பல வேலை செய்யும் வேதிப்பொருளான செரட்டோனின் அளவு மீறிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் இது ஒற்றை மாத்திரையால் வருவதில்லை. இரண்டு சேரும்போது வருகிறது. வலிக்குக் கொடுக்கும் டிரமடால், இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக், 'இயற்கையானது' என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை ஆகியவை வழக்கமான கூட்டாளிகள்.

வயதானவர்களிடம் வேறொன்று அமைதியாக நடக்கும். முதல் சில வாரங்களில் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, தள்ளாட்டம், மந்தம், குழப்பம். வீட்டார் அதை முதுமை என்றோ மனச்சோர்வு முற்றுகிறது என்றோ எடுத்துக்கொள்வார்கள். ரத்தக்கொதிப்புக்குத் தயாசைடு வகை நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் எளிதாக வரும். ஒரு எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இவை எதுவும் இல்லை என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் யோசிக்க நேரம் இருக்கிறது.

வழி ஒன்று: இருப்பதையே தொடர்வது

குமட்டல், தலைவலி, வயிறு இளகுவது, முதல் நாட்களின் படபடப்பு, தூக்கம் கலைவது ஆகியவை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். சர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் (செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுப்பவை) எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உடலில் உள்ள செரட்டோனினின் பெரும்பங்கு இருப்பது குடலில். வயிறுதான் முதலில் புகார் செய்வதில் ஆச்சரியமில்லை. சாப்பாட்டோடு போடுவது, தூக்கம் கலைந்தால் காலைக்கு மாற்றுவது, தூங்கி வழிந்தால் இரவுக்கு மாற்றுவது, மருத்துவர் ஒப்புக்கொண்டால் ஒரு வாரம் பாதி அளவில் ஓட்டுவது: பத்தாம் நாள்காரருக்கு இதுவே போதும். அவர் அந்த வாரமே மருந்தை மாற்றினால் அடுத்த மருந்திலும் அதே குமட்டலை முதலிலிருந்து அனுபவிக்க வேண்டும்.

தணியாதவை வேறு. பாலுறவுத் தொந்தரவு, இரவு வியர்வை, படிப்படியாக ஏறும் எடை, உணர்ச்சிகள் மரத்துப்போன மாதிரி இருப்பது ஆகியவை காத்திருந்தால் போகும் என்று நம்பிப் பல மாதம் கடத்துவதில் பலனில்லை. இவற்றில் முதலாவதை நோயாளியும் சொல்வதில்லை, மருத்துவரும் பல நேரம் கேட்பதில்லை. கடைசியில் ஒருநாள் மாத்திரை குப்பைக்குப் போய்விடுகிறது. 'இந்தப் பக்கத்தில் பிரச்சினை இருக்கிறது, மாற்ற முடியுமா' என்று ஒரே வரி சொன்னால் போதும்.

பலன் எப்போது தெரிய வேண்டும்? ஓரளவு மாற்றம் இரண்டாம் வாரத்திலேயே துளிர்க்கலாம். நான்கு வாரத்தில் துளி மாற்றமும் இல்லை என்றால் அதே மருந்து அதே அளவில் பின்னால் பலிக்கும் வாய்ப்பு குறைவு. கொஞ்சம் மாற்றம் தெரிந்தால் ஆறு முதல் எட்டு வாரம் வரை கொடுத்துப் பார்க்கலாம். 'கொஞ்சம்' என்பதை மனதால் அளக்க முடியாது. சோர்ந்த மனதுக்குப் போன மாதம் எப்படி இருந்தது என்றே நினைவிருக்காது. பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் இதற்கு உதவும். கடந்த இரண்டு வாரத்தை வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பித் தேதியோடு வையுங்கள். 5 புள்ளி குறைந்தால் அது உண்மையான மாற்றம். பாதியாகக் குறைந்தால் மருந்து கேட்கிறது. 5க்குக் கீழே போய்விட்டால் தெளிந்துவிட்டது. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைந்திருந்தாலும் அதற்குப் பூஜ்யம் அல்லாத விடை வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

'மருந்து கேட்கவில்லை' என்று முடிவுகட்டும் முன் இன்னொரு கணக்கு. மாத்திரை அட்டையை எடுத்து மிச்சத்தை எண்ணுங்கள். மாதத்தில் ஏழெட்டு மிச்சம் இருந்தால் அங்கே தோற்றது மருந்து அல்ல. தினமும் மது இருந்தாலோ, தைராய்டு குறைவாக இருந்தாலோ எந்த மாத்திரையும் தடுமாறும்.

வழி இரண்டு: பவரைக் கூட்டுவது, குறைப்பது

'இன்னும் பவர் கூட்டினால் இன்னும் வேகமாகக் கேட்கும்' என்ற எண்ணம் இயல்பானது. ஒரு எல்லை வரை உண்மையும்கூட. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளில் பலன், ஃப்ளுவாக்ஸெட்டினுக்கு நிகரான அளவாக மாற்றிப் பார்த்தால், 20 முதல் 40 மி.கி. வரையில் ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் பலன் தட்டையாகிறது, தொந்தரவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இது மொத்தச் சராசரி. தனி ஒருவருக்கு 60 மி.கி. பலிப்பதும் உண்டு. ஆனால் உச்ச அளவைத் தொடுவதையே குறியாக வைத்துக்கொள்வதில் பொருளில்லை. டுலாக்ஸெட்டினில் 60 மி.கி.க்கு மேல் மனச்சோர்வுக்குக் கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது.

வென்லாஃபாக்ஸின் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. 75 மி.கி.யில் அது ஏறக்குறைய எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாதிரிதான் நடந்துகொள்ளும், 150 தாண்டும்போதுதான் நார்அட்ரினலின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளின் பக்கமும் வேலை செய்யத் தொடங்குகிறது. கூடவே பிபியும் ஏறலாம். ஒவ்வொரு முறை கூட்டிய பிறகும் பிபி பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. சிட்டலோப்ராமுக்கு மேல் எல்லை 40 மி.கி.; வயதானவர்களுக்கு 20தான். அதைத் தாண்டினால் இதயத் துடிப்பின் லயம் குலையும் ஆபத்து இருக்கிறது. துடிப்புக்கோளாறு ஏற்கெனவே உள்ளவருக்கு முதலில் ஈசிஜி.

குறைப்பதும் ஒரு சிகிச்சைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆள் தெளிந்து, தொந்தரவு மட்டும் மிஞ்சியிருந்தால் ஒரு படி இறக்கிப் பார்ப்பது, மருந்தை மாற்றுவதைவிடச் சிக்கல் குறைவு. எதிர்பாராத ஒன்றும் நடக்கலாம்: மிர்டாசபின் 15 மி.கி.யில் தூக்கம் அமுக்குகிறது என்று 7.5க்கு இறக்கினால் பலருக்குத் தூக்கம் குறையாது. அதன் தூக்கத் தன்மை சின்ன அளவிலேயே முழுதாக இருக்கிறது. அங்கே இரவில் முன்கூட்டியே போடுவதுதான் கைகொடுக்கும்.

வழி மூன்று: வேறு மருந்துக்கு மாறுவது

ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2006இல் வந்தன. முதல் மருந்தான சிட்டலோப்ராமில் தெளிந்தவர்கள் மூன்றில் ஒருவர் அளவில்தான். தெளியாதவர்களில் சிலரைச் சர்ட்ராலினுக்கும், சிலரை வென்லாஃபாக்ஸினுக்கும், சிலரைப் புப்ரோபியானுக்கும் மாற்றினார்கள். மூன்று பக்கமும் நான்கில் ஒருவர் அளவில் தெளிந்தார்கள். எந்த மருந்தும் மற்றதை வெல்லவில்லை. அந்த எண்ணிக்கைகளைக் கணக்கிட்ட விதம் பற்றிப் பின்னால் விவாதங்கள் எழுந்தன. ஆனாலும் இரண்டு செய்திகள் நிற்கின்றன: முதல் மருந்து கேட்காதது சாதாரண விஷயம், அடுத்ததைப் 'பலம்' பார்த்து அல்ல, பக்க விளைவு பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் கணக்கு எளிதாகிறது. பாலுறவுத் தொந்தரவுதான் சிக்கல் என்றால் புப்ரோபியான், மிர்டாசபின் இரண்டிலும் அது குறைவு. வோர்ட்டியாக்ஸெட்டின் சின்ன அளவுகளில் ஓரளவு குறைவு. பராக்ஸெட்டினில் அதிகம். எடைதான் கவலை என்றால் மிர்டாசபின் பக்கமே போக வேண்டாம்; அது பசியைத் தூண்டும். அதே காரணத்தால், பசியும் தூக்கமும் செத்துப்போய் மெலிந்துகொண்டிருப்பவருக்கு அதுவே பொருத்தமான மருந்து. நரம்பு வலியோடு மனச்சோர்வு இருந்தால் டுலாக்ஸெட்டின் இரண்டுக்கும் உதவும். ஆனால் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் நிறையக் குடிப்பவருக்கும் அது கூடாது. புப்ரோபியானை வலிப்பு நோய் உள்ளவருக்கும், பட்டினி கிடப்பது, தின்றுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற உணவுக் கோளாறு உள்ளவருக்கும், மதுவைத் திடீரென விடுபவருக்கும் கொடுக்கக் கூடாது, வலிப்பு வரலாம். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும். தற்கொலை எண்ணம் இருக்கும் வீட்டில் அதை மாதக்கணக்கில் வாங்கி வைக்கக் கூடாது.

உடன் சாப்பிடும் மருந்துகள் சில வாசல்களை அடைத்துவிடும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபன் எடுப்பவர் பராக்ஸெட்டின், ஃப்ளுவாக்ஸெட்டின், புப்ரோபியான் மூன்றையும் தவிர்ப்பது நல்லது. டமாக்ஸிஃபனைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் கல்லீரல் நொதியை இவை முடக்கிவிடுகின்றன. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கும், மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் அடிக்கடி போடுபவருக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. சேரும்போது இரைப்பையில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மலம் தார் போலக் கறுத்தால் உடனே காட்ட வேண்டும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

கர்ப்பம் உறுதியானதும் பயந்து அன்றே மாத்திரையைத் தூக்கி எறிவது நடக்கிறது. அது இரட்டை ஆபத்து: விலகல் தொந்தரவும் (மருந்தைத் திடீரென விட்டதால் வருவது) வரும், நோயும் திரும்பும். ஆரம்ப மாதங்களில் பராக்ஸெட்டின் மட்டும் பொதுவாகத் தவிர்க்கப்படுவது. பாலூட்டும்போது சர்ட்ராலின் பெரும்பாலும் முதல் தேர்வு. குழந்தைக்குத் திட்டமிடும்போதே பேசிவிட்டால் அவசர மாற்றம் தேவைப்படாது.

எப்படி மாறுவது என்பதில்தான் தவறுகள் அதிகம். ஒரு எஸ்.எஸ்.ஆர்.ஐ.யிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் இன்று ஒன்று, நாளை மற்றது என்று நேரடியாக மாறலாம். புதியது பழையதன் இடத்தை நிரப்பிவிடும். எஸ்.எஸ்.ஆர்.ஐ.யிலிருந்து மிர்டாசபினுக்கோ புப்ரோபியானுக்கோ போகும்போது பழையதை இறக்கிக்கொண்டே புதியதை ஏற்றுவது வழக்கம். அந்த இரண்டு மூன்று வாரம் இரண்டு அட்டைகளும் வீட்டில் இருக்கும். 'திங்கள் முதல் எது எத்தனை' என்று தேதிவாரியாக எழுதி வாங்காவிட்டால் இரண்டையும் முழு அளவில் போடுவதும், இரண்டையும் விட்டுவிடுவதும் நடக்கும்.

ஃப்ளுவாக்ஸெட்டினிலிருந்து மாறுவது தனிக்கதை. சர்ட்ராலினின் பாதி உடம்பைவிட்டு வெளியேற ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஃப்ளுவாக்ஸெட்டினும், உடம்புக்குள் அது மாறி உண்டாகும் வழித்தோன்றலும் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதை நிறுத்திய மறுநாள் அடுத்ததை முழு அளவில் ஆரம்பித்தால் உண்மையில் இரண்டு மருந்து ஓடுகிறது. சில நாள் இடைவெளி விட்டு, சின்ன அளவில் தொடங்குவதுதான் முறை. செரட்டோனினை உடைக்கும் நொதியைத் தடுக்கும் பழைய எம்.ஏ.ஓ.ஐ. வகைக்குப் போவதாக இருந்தால் விதி இன்னும் கறார்: மற்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ.க்களுக்குப் பின் 2 வாரம், ஃப்ளுவாக்ஸெட்டினுக்குப் பின் 5 வாரம், எம்.ஏ.ஓ.ஐ.யிலிருந்து திரும்பி வரவும் 2 வாரம். இதில் பேரத்துக்கு இடமில்லை, உயிர் போகும்.

மாத்திரையின் உடல்வாகும் மாறும்போது கவனிக்க வேண்டியது. முன்பு இருந்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பழகியவர் புப்ரோபியானின் மெல்லக் கரையும் மாத்திரையையும் உடைத்துவிடுவார். ஒரு நாளுக்கான மருந்து ஒரேயடியாக இறங்கும், வலிப்புக்கு அதுவே வழி. டுலாக்ஸெட்டின் கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளுக்கு மேல் பூச்சு இருக்கிறது. மென்றாலோ பொடித்தாலோ இரைப்பை அமிலம் மருந்தை அழித்துவிடும். (புப்ரோபியானின் ஒருநாள் மாத்திரையின் வெற்றுக் கூடு சில நேரம் மலத்தில் முழுசாகத் தெரியும். மருந்து சேரவில்லையோ என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருந்தது போய்ச் சேர்ந்திருக்கும்.)

இன்னொன்றைச் சேர்ப்பது

முதல் மருந்தில் பாதி பலன் கிடைத்துவிட்டால் அதைக் கைவிட மனம் வராது. அப்போது சேர்ப்பது பொருத்தம். சேர்ப்பதில் முதலில் யோசிக்க வேண்டியது மாத்திரையை அல்ல, சிந்தனைப் பழக்கங்களைச் சீராக்கும் உளவியல் சிகிச்சையை. அது சோடியத்தைக் குறைக்காது, எடையை ஏற்றாது. மருந்துகளில் மிர்டாசபின், புப்ரோபியான், சின்ன அளவில் அரிப்பிப்ரசோல் அல்லது குவெட்டியாபின், லித்தியம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கண்காணிப்பு வேண்டும்: லித்தியத்துக்கு ரத்த அளவும் சிறுநீரகமும், குவெட்டியாபினுக்குச் சர்க்கரையும் எடையும், அரிப்பிப்ரசோலுக்கு மேலே சொன்ன இருப்புக்கொள்ளாத் தவிப்பும். கண்காணிக்க வசதியில்லாத இடத்தில் சேர்ப்பதைவிட மாற்றுவதே மேல்.

வழி நான்கு: விடுவது

எல்லா வழிகளிலும் எளிதாகத் தெரிவது இது. உண்மையில் அதிக நாள் பிடிப்பதும் இதுதான்.

முதலில் எப்போது. முதல் முறை மனச்சோர்வு வந்தவர் தெளிந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். எண்ணத் தொடங்குவது மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து அல்ல, தெளிந்த நாளிலிருந்து. பல முறை வந்தவருக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ. 2021இல் வெளிவந்த ஆன்ட்லர் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், நீண்ட காலம் மருந்து எடுத்து, நலமாக இருந்து, விடலாம் என்று எண்ணிய 478 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு ஆண்டில், தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. விட்டவர்களில் 56 சதவீதத்தினருக்கு. இந்த எண்களை இரு பக்கமும் படிக்க வேண்டும். விட்டால் ஆபத்து கூடுகிறது. அதே நேரம், விட்டவர்களில் பத்தில் நால்வருக்கு மேல் அந்த ஆண்டு திரும்பவில்லை; மாத்திரை சாப்பிட்டும் பத்தில் நால்வர் அளவுக்குத் திரும்பியது. வேலை மாற்றம், வீடு மாற்றம், பிரசவம், துக்கம் என்று எதுவும் நடந்துகொண்டிருக்கும் மாதத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

பிறகு எப்படி. இங்கே ஒரு கணக்கு தெரிந்தால் பல குழப்பம் தீரும். மூளையில் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வாசல்களில் எத்தனையை மருந்து அடைக்கிறது என்று படம்பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். சிட்டலோப்ராம் 60 மி.கி. ஏறக்குறைய 88 சதவீதத்தை அடைக்கிறது, 20 மி.கி.யே 80 சதவீதத்தை அடைத்துவிடுகிறது. 5 மி.கி. சுமாரில் இன்னும் 60 சதவீதம், ஒன்றரை மி.கி.யில்கூட 30 சதவீதம். அதாவது 60லிருந்து 20க்கு இறங்கும்போது மூளைக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை. 5லிருந்து பூஜ்யத்துக்குப் போவதுதான் பள்ளத்தில் குதிப்பது. 'பாதியாக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசித் துண்டை விட்டதும் தாங்க முடியவில்லை' என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

ஆகவே படிகள் போகப்போகச் சின்னதாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அப்போதைய அளவில் கால் பங்கு அல்லது பாதி குறைப்பது, ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம் நிற்பது, நிலையாக இருந்தால் மட்டும் அடுத்தது. எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. எடுப்பவருக்கு 10, 5, 2.5, 1.25 என்று போகலாம். சிலருக்கு அதற்கும் கீழே இன்னொரு படி தேவைப்படும். சில வாரங்கள் மட்டுமே சாப்பிட்டவருக்கு இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. பல ஆண்டு சாப்பிட்டவருக்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

2.5க்குக் கீழே மாத்திரையைக் கத்தியால் துண்டாக்குவது அளப்பது அல்ல, நொறுக்குவதுதான். அங்கே திரவ மருந்து வேண்டும். அதிலும் ஒரு பொறி: எஸ்சிட்டலோப்ராம் திரவம் ஒரு நாட்டில் 1 மி.லி.யில் 1 மி.கி. என்று வருகிறது, இன்னொரு நாட்டில் 1 மி.லி.யில் 20 மி.கி. என்ற சொட்டு மருந்தாக வருகிறது. 'அரை மி.லி.' என்று வாய்ச்சொல்லாகக் கேட்டுக்கொண்டால் ஒன்றில் அரை மி.கி., மற்றதில் 10 மி.கி. எப்போதும் மி.கி.யில் பேசுங்கள், புட்டியின் லேபிளைப் பார்த்து மருந்தாளுநரிடம் மி.லி. கணக்கைச் சரிபார்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து எடுங்கள். தேக்கரண்டி உதவாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது வசதியாகத் தெரியும். ஃப்ளுவாக்ஸெட்டினுக்கு அது செல்லும், அது உடம்பில் நின்று நிதானமாக வடிகிற மருந்து. பராக்ஸெட்டினுக்கும் வென்லாஃபாக்ஸினுக்கும் அப்படிச் செய்வது வாரம் மூன்று முறை விலகல் தொந்தரவை வரவழைத்துக்கொள்வது. வென்லாஃபாக்ஸின் காலையில் மறந்தால் மாலைக்குள் தலை சுற்றத் தொடங்குபவர்கள் உண்டு. மறந்தால் அதே நாளில் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போடக் கூடாது.

விட்ட பிறகு வரும் தொந்தரவு விலகலா, நோய் திரும்புவதா? விலகல் சில நாளில் தொடங்கும். நோய்க்கு இல்லாத அறிகுறிகள் இருக்கும்: தலையைத் திருப்பினால் மின்சாரம் சுண்டியது மாதிரி ஒரு வெட்டு, தலைசுற்றல், கலர் கலராய்க் கனவுகள், சளிக்காய்ச்சல் போன்ற அசதி, காரணமில்லாத எரிச்சல். பழைய அளவுக்குத் திரும்பினால் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். நோய் திரும்புவது மெதுவாக, வாரக்கணக்கில்; ஆர்வம் வற்றுவது, விடியற்காலையில் விழிப்பது, தன்னைத்தானே குறைத்துக்கொள்வது என்று பழைய முகத்தோடு வரும். 2024இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்தை விட்டதால் மட்டும் இப்படித் தொந்தரவு வந்தவர்கள் ஆறேழு பேரில் ஒருவர். கடுமையாக வந்தவர்கள் 35 பேரில் ஒருவர் அளவில். பல ஆண்டு சாப்பிட்டவர்கள் அந்த ஆய்வுகளில் குறைவு என்பதால், நீண்ட காலத்துக்காரர் இந்த எண்ணை நம்பி வேகமாக இறங்க வேண்டாம்.

கடைசி மாத்திரை முடிந்த பிறகும் பிஎச்க்யூ-9ஐ ஒரு ஆறு மாதம் மாதம் ஒருமுறை நிரப்பி வையுங்கள். விட்டது ஃப்ளுவாக்ஸெட்டினாக இருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது: அடுத்த ஐந்து வாரத்துக்குள் பல் பிடுங்கவோ, வலிக்கு டிரமடால் எழுதும் மருத்துவரிடமோ போக நேர்ந்தால், 'இப்போது எந்த மாத்திரையும் இல்லை' என்று சொல்லாதீர்கள். நிறுத்திய தேதியைச் சொல்லுங்கள்.